மூன்றாம் ஆள் இல்லாமல் படிக்க: வக்கீல், ஆடிட்டர் அலுவலக இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகளும்

ஆடிட்டரிடம் சொல்கிற கணக்கை உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் நம்மிடையே ஏராளம். வருமானம் எவ்வளவு, கடன் யாரிடம், எந்த நிலம் யார் பெயரில் என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட வேண்டியவை. வக்கீலிடம் கொண்டுபோவது இன்னும் அந்தரங்கமானது: விவாகரத்து, உயில், பாகப்பிரிவினை, போலீஸ் புகார். இந்த நம்பிக்கைக்குச் சட்டமே காவல் நிற்கிறது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று முன்பு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொன்னது. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132ஆம் பிரிவு சொல்கிறது. வாடிக்கையாளரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடும் பட்டயக் கணக்காளர் மீது, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுக்க நடவடிக்கை பாயும்.

அந்த அறையின் வாசல் இப்போது இணையதளத்துக்கு நகர்ந்துவிட்டது. சந்திக்க நேரம் கேட்பது, ஆவணங்களை ஏற்றுவது, கட்டணம் செலுத்துவது, வரைவைப் படித்து ஒப்புதல் தருவது எல்லாம் திரையில் நடக்கின்றன. அந்தத் திரையைத் தானே இயக்க முடியாதபடி வைத்திருந்தால் பார்வையற்ற ஒருவர் என்ன செய்வார்? அக்கா மகனைக் கூப்பிடுவார். அல்லது பிரவுசிங் சென்டர் ஊழியரிடம் போய் உட்காருவார். பான் எண், கடவுச்சொல், ஓடிபி, சில சமயம் மனுவின் வாசகமே அந்த மூன்றாம் ஆளின் வாய்வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். அலுவலகம் பூட்டிக் காக்கிற ரகசியத்தை, அதே அலுவலகத்தின் இணையதளம் கட்சிக்காரரைக் கொண்டே வெளியே சொல்ல வைக்கிறது. அணுகல்வசதி பற்றிய பேச்சு நம் ஊரில் பெரும்பாலும் கருணை, நல்லெண்ணம் என்ற பக்கமே போகிறது. இந்தத் தொழில்களில் அது ரகசியம் காக்கும் கடமையின் ஒரு பகுதி என்பதே என் கருத்து. இந்தக் கேள்வியைச் சட்டம், தொழில்நுட்பம், அன்றாட நடைமுறை என எந்தப் பக்கமிருந்து அணுகினாலும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் கணக்கிட்டது; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரித்தது. ஆகவே பழைய கணக்கைவிட உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். இதோடு, தங்களை மாற்றுத்திறனாளி என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளாத ஒரு பெருங்கூட்டமும் உண்டு: கண்புரை வந்தவர்கள், கை நடுங்குபவர்கள், காது மந்தமானவர்கள். உயில் எழுத வருபவர்களும் ஓய்வூதியக் கணக்குக் கேட்டு வருபவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். இந்த அலுவலகங்களின் வாடிக்கையாளர்களே அவர்கள்தாம்.

இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இணையத்தைப் பயன்படுத்துவதில்லை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைக் காதால் கேட்டு வேலை செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டெஹும், 2006இல் தொடங்கிய என்விடிஏ இலவசமானது, தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என உள்ளேயே வந்துவிடுகின்றன. கைகளில் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் மவுஸைத் தொடாமல் கீபோர்டின் டேப் விசையாலேயே பக்கம் முழுவதும் நகர்வார்கள். குறைந்த பார்வை உள்ளவர்கள் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பார்கள். காது கேளாதவருக்கு இணையதளத்தின் எழுத்து சிரமமில்லை. ஆனால் தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண் மட்டும் போட்டிருந்தால் அதோடு கதவு அடைந்துவிடும்.

தனியார் அலுவலகத்துக்கு இதில் கடமை உண்டா என்று கேட்பவர்கள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினால் போதும். தனியார் நிறுவனம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் கம்பெனிகளோடு கூட்டாண்மை நிறுவனங்களும் இருக்கின்றன. சேவை வழங்குவோர், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், விதிகள் வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகல்வசதியுடன் சேவை தர வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2019இலேயே முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர், மருத்துவர் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யும் ஒரு தனியார் செயலியைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவிட்டதிலிருந்து, இது அரசு இணையதளங்களின் பாடு என்று ஒதுங்கவும் வழியில்லை.

விதிகளில் ஓர் ஓட்டை இருந்தது. சட்டம் கட்டாயம் என்றது. விதிகளோ வழிகாட்டுதல்களைச் சுட்டிவிட்டு நின்றன. 2005இல் ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அடுத்து வந்தது 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு. வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கின்றன. அமில வீச்சில் இமைகள் சிதைந்த பெண்களால் அது முடியவில்லை. பிரக்யா பிரசூன் உள்ளிட்ட அவர்களும், பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று அறிவித்தது. தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி மகாதேவன்.

வெளிநாட்டு நிலவரத்தில் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இடங்களின் பட்டியலில் சலவைக்கடை, முடிதிருத்தகம் ஆகியவற்றோடு கணக்காளர், வழக்கறிஞர் அலுவலகங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஐரோப்பிய அணுகல்வசதிச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவான, வருவாய் குறைந்த சிறு சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்க்கும் நிறுவனங்கள் இவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலான நாடுகள் அடிப்படையாகக் கொள்ளும் தரம் ஒன்றுதான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் முதலில் வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆண்டுகளில் புதுப்பித்த டபிள்யூசிஏஜி வழிகாட்டி அது. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 17802உம் அரசு இணையதள வழிகாட்டுதல்களும் அதன் வழி வந்தவையே. உள்ளடக்கம் புலன்களுக்கு எட்ட வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் நிலைக்க வேண்டும் என்ற நான்கு கொள்கைகள் அதன் சாரம். கேட்க எளிது. நம் அலுவலக இணையதளங்கள் எங்கே தடுக்குகின்றன என்பதை அருகில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

வக்கீல் அலுவலக இணையதளங்களைத் திறந்ததும் ஒரு பெட்டி முன்னால் வந்து நிற்கும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. 2008இல் அதைச் சற்றுத் தளர்த்தி, பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் போட அனுமதித்தார்கள். அதனால் பல அலுவலகங்கள், ‘இது விளம்பரம் அல்ல, நானாகவே விரும்பி வந்து படிக்கிறேன்’ என்று வருபவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகின்றன. சரியாகக் கட்டப்படாத பெட்டியாக இருந்தால், திரைவாசிப்பானுக்கு அப்படியொன்று முன்னால் நிற்பதே தெரியாது. அது பின்னாலுள்ள பக்கத்தை வாசித்துக்கொண்டு போகும், பயனர் ஒரு இணைப்பை அழுத்துவார், எதுவும் நடக்காது. கண் தெரிந்து கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவருக்கோ பெட்டி தெரியும், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானும் தெரியும், டேப் விசையை எத்தனை முறை தட்டினாலும் அங்கே போய்ச் சேர முடியாது. காரணம், அது பொத்தான் போல வண்ணம் தீட்டிய வெறும் கட்டம்; மவுஸ் சொடுக்குக்கு மட்டுமே அசையும். அதை உண்மையான பொத்தானாக்குவதும், பெட்டி திறந்ததும் விசைப்பலகையின் கவனத்தை அதற்குள் கொண்டுவந்து, மூடியதும் பழைய இடத்தில் விடுவதும் தெரிந்த வடிவமைப்பாளருக்கு அரை நாள் வேலை. ‘விருப்பப்பட்டு வந்தேன்’ என்ற ஒப்புதலைத் தர முடியாமலே ஒருவர் வெளியே நிறுத்தப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த விதியின் நோக்கமும் அதுவாக இருந்திருக்க முடியாது.

அடுத்தது தமிழ். அலுவலகங்களின் வாடகை ஒப்பந்த மாதிரிகளும் கிரயப் பத்திர வரைவுகளும் சுற்றறிக்கைகளும் இன்னும் பல இடங்களில் யூனிகோடு வராத காலத்து எழுத்துருக்களில் தட்டப்படுகின்றன. பாமினியை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதற்கு உள்ளே பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள். கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பானோ உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? ஒரு பக்க ஒப்பந்தம் முழுவதும் கேட்பவரின் காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துச் சிதறலாக விழுகிறது. தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010இலேயே தன் தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் தட்டச்சு செய்பவரின் விரல் பழக்கம் காரணமாக இது தொடர்கிறது. பழைய விசைப்பலகை முறையிலேயே யூனிகோடில் தட்டும் மென்பொருள்கள் இருக்கும்போது, அந்தப் பழக்கத்தைக் குலைக்கவும் வேண்டியதில்லை.

யூனிகோடில் இருந்தாலும் இன்னொரு வழுக்கல் உண்டு. ஆங்கில டெம்ப்ளேட்டை வாங்கித் தமிழை ஒட்டும்போது, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்ற அறிவிப்பு நிரலில் அப்படியே தங்கிவிடும். ஆங்கிலக் குரல் தமிழைச் சந்தித்ததும் சில சமயம் மௌனமாகத் தாண்டும், சில சமயம் எழுத்தெழுத்தாகத் தடுமாறும். நிரலில் ஒரே ஒரு குறிப்பை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாவற்றையும்விட மோசம். கணினியில் தட்டிய கடிதத்தை அச்சடித்து, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்தது படமாகிவிடுகிறது. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள். நீதிமன்றங்களிலும் இதே வழக்கம்தான் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் மின்குழு, அணுகத்தக்க ஆவணங்களைத் தயாரிக்கத் தனி வழிமுறையே வெளியிட்டு, அச்சடித்து ஸ்கேன் செய்யும் பழக்கத்தை விடச் சொன்னது. பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்ட பிறகு, ஒரு அலுவலகம் அனுப்பும் ஆவணத்தைப் படிக்கப்போகிறவர் பார்வையற்ற நீதிபதியாகவும் இருக்கலாம்.

80யு என்ற வரிச் சலுகைப் பிரிவை விளக்கும் விதம் எனக்குத் தனியாக உறுத்துகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பழைய வரி முறையில், மாற்றுத்திறனாளி ஒருவர் தன் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம் என்றது அந்தப் பிரிவு. இதை விளக்கி ஒரு அலுவலகம் வண்ணச் சுவரொட்டி போலப் படம் தயாரித்து, படத்தை எழுத்தில் விவரிக்கும் மாற்று உரை எதுவும் இல்லாமல் இணையதளத்தில் போடுகிறது என்று வையுங்கள். திரைவாசிப்பான் கோப்பின் பெயரை, ஐஎம்ஜி என்று தொடங்கும் ஒரு எண்ணை, வாசித்துவிட்டு நகர்ந்துவிடும். யாருக்காக அந்தச் சலுகையோ அவருக்கு மட்டும் செய்தி போய்ச் சேராது. படத்தில் உள்ளதை நாலு வரியில் கீழே எழுத்தாகவும் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும், தேடுபொறிக்கும் கிடைக்கும்.

படிவங்களில் தவறுகள் எங்கும் ஒரே ரகம். ‘பெயர்’, ‘மின்னஞ்சல்’ என்பவை பெட்டிக்குள்ளே மங்கலான எழுத்தாக மட்டும் இருக்கும். தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். தவறு நேர்ந்தால் பெட்டியின் ஓரம் சிவப்பாகும், என்ன தவறு என்று எழுத்தில் வராது. நெளிந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவுக்கு ஒலி வழி இருக்காது. எழுத்தின் நிறத்தையும் சொல்ல வேண்டும். நேர்த்தியாகத் தெரிகிறது என்று வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தை வைப்பது வடிவமைப்பாளர்களின் வாடிக்கை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே தரம் கேட்கும் வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5. வலை நிறக் குறியீட்டில் 999999 என்ற சாம்பலுக்கு அது 2.85 மட்டுமே, 767676 வரை கருமையாக்கினால் 4.54 வந்துவிடும். நேர்த்தி குறையாது, அறுபது வயதுக்காரருக்குக் கண்ணாடியைத் துடைக்கும் வேலை மிச்சம்.

காதுகேளாதோர் பற்றி இந்த அலுவலகங்கள் யோசிப்பதே அரிது. தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வேண்டும். அதைவிட முக்கியம், அவற்றில் வரும் செய்திக்குப் பதில் போக வேண்டும். பட்ஜெட் விளக்கக் காணொளிகளுக்கு வசன வரிகள் தேவை. தானியங்கி வசன வரிகள் சட்டப் பிரிவு எண்ணையும் வரி விகிதத்தையும் தப்பாகப் போட்டுவிடக்கூடும். ஆள் ஒருவர் சரிபார்க்காமல் அதை வெளியிடுவது ஆபத்து.

இவை நம் ஊருக்கு மட்டுமான குறைகள் அல்ல. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தால் சோதிக்கிறது. 2025 அறிக்கையில் 94.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. மங்கலான எழுத்து 79.1 சதவீதத்தில், மாற்று உரை இல்லாத படங்கள் 55.5 சதவீதத்தில். 2019இல் முதன்முதலாகச் சோதித்தபோது 97.8 சதவீதப் பக்கங்களில் பிழை. ஆறு ஆண்டுகளில் மூன்று சதவீதப் புள்ளி முன்னேற்றம் என்பது வருத்தம் தரும் கணக்கு. அதிலும் அடிக்கடி வரும் பிழைகள் ஐந்தாறு வகையே, எல்லாமே திருத்த எளியவை.

திருத்த எளியது என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. ஒரு வரி நிரலைச் சேருங்கள், திரையின் மூலையில் ஒரு சின்னம் வரும், இணையதளம் முழுவதும் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது போன்றவற்றை அது செய்யும். பயனரின் கணினியே அதை ஏற்கெனவே செய்யக்கூடியது. பெயரில்லாத படிவப் பெட்டிக்குச் சரியான பெயரையோ, படமாக இருக்கும் பத்திரத்துக்கு நம்பகமான வாசகத்தையோ அதனால் தர முடியாது. சில நேரம் திரைவாசிப்பானோடு மோதி இருந்த வசதியையும் கெடுக்கிறது என்பது பார்வையற்ற பயனர்கள் பலர் சொல்லும் புகார். தன் கருவி எந்த இணையதளத்தையும் தரத்துக்கு உயர்த்தும் என்று சொல்லி விற்ற ஆக்சசிபி நிறுவனம், 2025இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கையில் 10 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. இந்தச் சின்னத்தை வாங்குவதில் செலவாகும் பணத்தை மூல நிரலைத் திருத்துவதில் போடுங்கள் என்று எந்த அலுவலகத்துக்கும் தயங்காமல் சொல்வேன்.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் வேறு ரகம். அவை நேர்மையானவை, பயனுள்ளவை, ஆனால் எல்லை உள்ளவை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2017இல், வேண்டுமென்றே நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு பக்கத்தைக் கட்டிப் பல கருவிகளை ஓடவிட்டது. எந்தத் தனிக் கருவியும் பாதியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மாற்று உரை இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். ‘படம் 1’ என்று அதில் எழுதியிருப்பது யாருக்கும் உதவாது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகம் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கும் என்ற கேள்வி நியாயமானது. புதிதாகக் கட்டும்போது செய்தால் செலவு மிகச் சிறிது. கட்டிமுடித்ததை இடித்துத் திருத்துவதுதான் பணத்தை விழுங்கும். இருக்கும் தளத்தில் எதை முதலில் தொடுவது என்பதிலும் என் கருத்து ரகசியத்தையே சுற்றி வருகிறது. நிறுவனத்தின் வரலாற்றுப் பக்கமும் பங்குதாரர்களின் புகைப்படங்களும் காத்திருக்கலாம். கட்சிக்காரர் தன் விவரத்தைத் தரும் படிவம், ஆவணம் ஏற்றும் இடம், பணம் செலுத்தும் பக்கம், அவர் கையெழுத்திட வேண்டிய கடிதங்கள் ஆகியவை முதலில் சரியாக வேண்டும். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்று அலுவலகத்தில் எவரும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிடிஎஃப் அனுப்பும் இடங்களில் மூல வேர்டு கோப்பையும் சேர்த்து அனுப்புவது நாளையே தொடங்கக்கூடிய காரியம்.

அலுவலகத்தின் கையில் இல்லாத பகுதியும் உண்டு. கட்டண நுழைவாயில் வேறு நிறுவனத்துடையது. ஆவணப் பகிர்வுத் தளம் இன்னொருவருடையது. அவற்றைத் திருத்த முடியாது, தேர்ந்தெடுக்க முடியும். வாங்கும் முன்பு திரைவாசிப்பானோடு வேலை செய்கிறதா என்று எழுத்தில் கேட்பதும், செய்யாவிட்டால் வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல் என மாற்று வழியைப் படிவத்துக்கு மேலேயே சொல்லிவைப்பதும் அலுவலகத்தின் பொறுப்பு.

பெரும்பாலான சிறு அலுவலகங்களின் இணையதளத்தைக் கட்டித்தருபவர் உள்ளூர் வடிவமைப்பாளர். அவருக்குத் தரும் வேலை ஆணையில் பக்கங்களின் எண்ணிக்கையும் நிறமும் லோகோவின் இடமும் எழுதப்படுகின்றன, டபிள்யூசிஏஜி 2.1இன் இரண்டாம் நிலைக்கு, அதாவது ஏஏ நிலைக்கு, இணங்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவர், உரிய ஊதியம் பெற்றுக்கொண்டு, தொடர்புப் படிவத்தை யார் துணையுமின்றி நிரப்பி அனுப்பி, அது அலுவலகத்தின் அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்த பிறகே கடைசித் தவணை தரப்படும். வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் ஒப்பந்தம் எழுதத் தெரியாதா என்ன?